ஊர்க் கரண்டும் ரயில் கரண்டும்

தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய கையோடு என் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று ஓடியது. பழக்கடைக்காரர் ஒருவர் அதைக் காலால் நிறுத்தி, எடுத்துத் துடைத்து, "சிங்கப்பூரா?" என்றார். மலேசியா, ஈப்போ என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான" என்றார். ஈப்போவில் இப்படிச் சொன்னவரை யாரும் லேசில் விடமாட்டார்கள். எனக்குச் சக்கரம் வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

நான் வந்தது திருவிழாவுக்கு. பெரியப்பா மகன் அந்தோணிசாமி அண்ணன் போனில் கூப்பிட்டிருந்தார். செபஸ்தியார் திருவிழாவை எடுத்து நடத்தும் முறை இந்த வருடம் அவருடையது, அவர் ஆயுளில் இன்னொரு தடவை வராது. வந்து சித்தப்பா பெயரைச் சொல்லி நில் என்றார். சித்தப்பா என்றால் என் அப்பா. இளவட்டமாக இந்த ஊரைவிட்டுப் போனவர், திரும்பவே இல்லை. நானோ பென்ஷன் வாங்குகிறவள். வராமல் இருக்க ஒரு சாக்கும் அகப்படவில்லை.

போடி பஸ் முழுக்க ஏலக்காய் வாசனை. யாரோ சீட்டுக்கு அடியில் பழைய ஏலக்காய்ச் சாக்குகளைத் திணித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஓடைப்பட்டிக்காரி. மடியில் இருந்த பன்னீர் திராட்சையில் ஒரு கொத்தைப் பிய்த்து என் கையில் வைத்தாள். நான் விதையை எங்கே துப்புவது என்று முழிப்பதைப் பார்த்து ஜன்னலைக் காட்டினாள். எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் விதையில்லாத திராட்சைதான் கிடைக்கும் என்றதும் அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. இன்னொரு கொத்தும் கொடுத்தாள்.

கண்டக்டர் என்னைத் தப்பான நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். தப்பு என்னுடையது. ஊர்ப் பெயரைச் சொன்னேன், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஊருக்கு நடுவே ரயில் பாதை போகிறது. கோயிலும் அண்ணன் வீடும் ஒரு பக்கம், கிழக்குத் தெரு மறு பக்கம். நான் நின்றது கிழக்குத் தெருவில், மூன்று சக்கரப் பெட்டியோடு. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு அம்மாள் விசாரித்துவிட்டு, பேசாமல் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக ரயில்வே கேட்டைத் தாண்டித் தூக்கி வந்தோம். செலின் டீச்சர் என்று பெயர். அண்ணன் வீட்டுத் தெருமுனை வந்ததும் பெட்டியைக் கீழே வைத்து, இனி நீங்களே போயிரலாம் என்றார். ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாமே என்றேன். சிரித்தார், வரவில்லை.

மதினி லூர்துமேரி அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெள்ளாட்டுக்கறியும் ஆப்பமும் வைத்தார். நாங்கள் ஈப்போவில் அண்ணி என்போம், இங்கே மதினி. மதினி கல்யாணத்துக்கு முன்பு மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர், மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. நல்ல கைப்பக்குவம். ஆனால் என் தட்டில் விழுந்ததையெல்லாம் நான் முடிக்கவேண்டும் என்ற விஷயத்தில் கொஞ்சம் கொடுங்கோல் உண்டு.

சாப்பிடும்போது டீச்சர் பேச்சை எடுத்தேன். அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். சப்பரம் கிழக்குத் தெருவுக்குப் போகாமலே எத்தனையோ காலம் இருந்ததாம். கோயில் ஒன்று, சாமி ஒன்று, பூசை ஒன்று, ஆனால் தெரு வேறு, ஆட்கள் வேறு. தண்டவாளத்தைத் தாண்டிச் சாமி போகாது என்று ஒரு சாக்கு. டீச்சர் அலைந்து, எழுதி, தர்ணாவில் உட்கார்ந்து, கடைசியில் மேற்றிராணியார், அதாவது பிஷப், தரப்பும் அதிகாரிகளும் கூடிப் பேசி முடிவானது. சில வருடங்களாகத்தான் போகிறது. கொடியேற்றத்தன்று திருவிழாத் தலைவர் தானே கிழக்குத் தெருவுக்கு நடந்து போய், சப்பரம் வரும் என்று வாயால் சொல்லவேண்டும். அதுதான் ஒப்பந்தம். அண்ணனும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"நான் சொன்ன சொல்லு ஆத்தா. அதுல மட்டும் தப்பிரக் கூடாது" என்றார்.

மறுநாள் காலையில் கேட் பக்கமாக நடக்கப் போனேன். முந்தின நாள் பெட்டி தூக்கிய அவசரத்தில் கவனிக்காததை அன்றுதான் கவனித்தேன். பாதைக்கு மேலே புதுக் கம்பி ஓடியது. கேட்டுக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே, இரண்டு கம்பங்களின்மேல், உயரமான வண்டியைத் தடுக்க ஓர் இரும்பு விட்டம். அதில் மண்டை ஓடு வரைந்து, இருபத்தையாயிரம் வோல்ட் என்று எழுதிய பலகை. கோயில் வாசலில் சப்பரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் வைத்த மூன்று அடுக்கு, மேலே சிலுவை. அந்த விட்டத்தைவிட அது எவ்வளவோ உயரம்.

இட்லியும் குடல் குழம்பும் போட்டார் மதினி. ரயில்காரர்களிடம் கேட்டாயிற்றா என்றேன் அண்ணனிடம். கலெக்டர் ஆபீசில் அனுமதி வாங்கியாச்சு, போலீசில் வாங்கியாச்சு, லைன்மேன் கருப்பையாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்தாச்சு, அவர் கரண்டை நிறுத்திவிடுவார் என்றார். வருடா வருடம் வெற்றிலை பாக்கு வைக்கிற அத்தனை பேருக்கும் வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த கம்பிக்கு யாரும் வைக்கவில்லை.

"கருப்பையா நிறுத்துறது ஊர்க் கரண்ட் அண்ணே. அது ரயில் கரண்ட். அது வேற" என்றேன்.

அண்ணன் எழுந்து கை கழுவிவிட்டார். தட்டில் இட்லி அப்படியே இருந்தது. மதினி முதல்தடவையாக யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை.

அண்ணனுடைய ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் எங்களை உரசிக்கொண்டு பறந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளே இருந்தவர்களைவிட வெளியே தொங்கியவர்கள் அதிகம். நான் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். பாதி வழியில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை. கல்யாண வீடுபோல ஓடித் திரிந்த மனிதர், மறந்துவிட்டார். ஒரு ஜீப்காரர்தான் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

தாலுகா ஆபீசில் அதிகாரி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "கேட் வரைக்கும் எங்க அதிகாரம். கேட்டுக்கு அந்தப் பக்கமும் எங்க அதிகாரம். நடுவுல கெடக்கறது டெல்லி சார்" என்றார்.

ரயில் நிலையத்தில் இருந்தவரும் நல்ல மனிதர்தான். மேல்கம்பியில் கரண்டை நிறுத்தவேண்டும் என்றால் மதுரைக்கு முன்கூட்டியே எழுதவேண்டும், அவர்கள் ஆள் அனுப்பவேண்டும், வண்டிகளை நிறுத்தவேண்டும், ஒரே நாளில் ஆகிற காரியம் இல்லை என்று விளக்கினார். அண்ணன் கலெக்டர் ஆபீஸ் அனுமதியை நீட்டினார். மாநிலம் கொடுத்தது மாநிலத்து ரோட்டுக்கு, கலெக்டரே நேரில் வந்து நின்றாலும் தன்னால் முடியாது என்று அவர் கையைக் கூப்பினார்.

எனக்கு இது புதிதல்ல. ஈப்போவில் மாநில அரசின் நில அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். எங்கள் நாட்டில் மண் மாநிலத்துக்குச் சொந்தம், போலீஸ் கோலாலம்பூருக்குச் சொந்தம். இங்கே போலீஸ் சென்னைக்கு, தண்டவாளம் டெல்லிக்கு. பங்கு பிரித்த விதம் வேறு, மாட்டிக்கொண்டு முழிக்கிறவன் ஒரே ஆள்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் அந்த முழி எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அன்று அது என் சொந்த அண்ணன் முகத்தில் இருந்தது.

சாயங்காலம் சவரிமுத்து என்பவர் வீட்டுக்குப் போனோம். திராட்சைத் தோட்டக்காரர், கோயில் காரியங்களில் அவர் தலையசைக்காமல் எதுவும் நகராது. சப்பரம் கட்டுவது அவர் குடும்பம். மேல் இரண்டு அடுக்கைக் கழற்றிவிட்டால் விட்டத்துக்கு அடியில் போய்விடலாமே மாமா என்று அண்ணன் கேட்டார். மந்திரித்துக் கட்டியதைத் திருவிழா முடியாமல் அவிழ்க்கிற வழக்கம் இல்லை என்றார் சவரிமுத்து. மெதுவான குரல். அடுத்ததையும் அதே குரலில் சொன்னார்.

"மத்திய சர்க்கார் விடமாட்டேங்குது. நாம என்ன செய்ய முடியும் மாப்ள? நாமளா வேணாம்னு சொல்றோம்?"

எங்கள் அதிகாரத்தில் இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலோடு சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நிம்மதியாகச் சொன்னவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் வீட்டுக் காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

டீச்சரிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள் என்று அண்ணனிடம் மன்றாடினேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய்ச் சொல்ல என்றார். நாளைக்குள் ஏதாவது வழி பிறக்கும் என்றார். பிறக்காது என்று அவருக்கே தெரியும்.

மூன்றாம் நாள் திருவிழா. காலையில் பாட்டுப் பூசை, மத்தியானம் கோயில் மைதானத்தில் சீரகச் சம்பா பிரியாணி. பந்தியில் என் அப்பா பெயரைச் சொல்லி நாலு பேர் விசாரித்தார்கள். சந்தோஷப்படவேண்டிய நேரம், ஒரு கவளமும் இறங்கவில்லை. பந்தி முடிந்ததும் செபஸ்தியாரைச் சப்பரத்தில் ஏற்றினார்கள். சிலையைத் தொடுவது நாலு வகையறா, அதாவது நாலு பங்காளிக் குடும்பங்களின், ஆண்கள் மட்டும். பெண்கள் நாங்கள் ஒரு கயிற்றுக்கு வெளியே நின்றோம். கிழக்குத் தெருவிலிருந்து வந்தவர்கள், ஆண்களானாலும், அந்தக் கயிற்றுக்கு வெளியேதான் நின்றார்கள். தெருவுக்குச் சாமி வருவது வேறு, சாமியைத் தொடுவது வேறு என்று மதினி காதுக்குள் சொன்னார்.

பொழுது சாய்ந்ததும் சப்பரம் கிளம்பியது. அதற்கு ஒரு கண்டிப்பான முறை உண்டு. சப்பரம் முன்னால்தான் போகும், பின்னால் ஒரு அடி நகராது. போன வழியே இழுத்தால் ஊருக்கு ஆகாது. கிழக்குத் தெரு மைதானத்தில் வட்டமடித்துத்தான் திரும்பும். கேட் ரோடு ஒடுக்கம், அங்கே திருப்ப இடம் கிடையாது. தலைவர் உச்சி அடுக்கில் நின்று கவட்டைக் கம்பால் தெருக் கம்பிகளைத் தூக்கிவிட்டுக்கொண்டே வரவேண்டும். அண்ணன் ஏறிவிட்டார். கேட்டுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன், அதுக்கு மேலே தேவன் விட்ட வழி என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

ஊர்க்கோடி டிரான்ஸ்பார்மரில் கருப்பையா கரண்டை நிறுத்தினார். மொத்த ஊரும் இருண்டது. அந்த நிமிடம்தான் காரியம் கெட்டது. "கரண்ட் போயிருச்சு, தள்ளுங்கடா" என்று முன்னால் நின்ற இளவட்டங்கள் கத்தினார்கள். அவர்களைப் பொறுத்தவரை கரண்ட் என்றால் ஒன்றுதான். ரெண்டு பேர் ஸ்பேனரோடு கம்பங்களில் ஏறி, விட்டத்தின் ஒரு முனையைக் கழற்றி ரோட்டோரமாகச் சாய்த்துவிட்டார்கள். வழி திறந்துவிட்டது என்று சப்பரம் வேகம் பிடித்தது.

உச்சியில் அண்ணன் கையை ஆட்டி ஆட்டி நிறுத்தச் சொன்னார். கொட்டுச் சத்தம், பேண்டு சத்தம், வெடி. ஒருவருக்கும் கேட்கவில்லை. வெடி வெளிச்சத்தில் அவர் கையாட்டுவதைப் பார்த்துத் தலைவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் தள்ளினார்கள். அந்தக் கம்பி தொட்டால்தான் கொல்லும் என்பதில்லை, பக்கத்தில் போனாலே போதும். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது.

எனக்கு முன்னால் மதினி ஓடினார். கேட்கீப்பர் மலையாளி, இளைஞர், கேபின் வாசலில் உறைந்துபோய் நின்றார். மதினி மலையாளத்தில் அலறினார். மேலே நிற்பது என் வீட்டுக்காரர், கேட்டை இறக்கு, இறக்கு என்றுதான் அலறியிருக்கிறார், பிறகு சொன்னார். கேட்கீப்பர் பாய்ந்து போய்க் கேட்டை இறக்கினார். சப்பரத்தின் முன்கட்டை கேட்டில் மோதி நின்றது. அண்ணன் சிலுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கவட்டைக் கம்பு கைநழுவி ரோட்டில் விழுந்தது. கம்பி அவர் கண்ணுக்கு நேரே ஓடியது.

கொட்டு நின்றது. இனி அமைதியாவார்கள் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. சாமியை நிறுத்திவிட்டான் என்று ஒரு குரல், மத்திய சர்க்கார் திமிர் என்று இன்னொரு குரல், யாரோ ஜல்லிக் கல்லை எடுத்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் கேபினைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினேன். அது ரயில்வே இடம் மேடம், அவங்க ஆளு வரணும் என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரெண்டு எட்டு முன்னால் வந்தார். அதற்குள் மதினி கேபின் வாசலை மறித்து நின்றுவிட்டார். என் புருசன் உசுரைக் காப்பாத்தின பிள்ளை, எறியிறவன் என்மேல எறி என்றார். கல் கீழே விழுந்தது.

அப்போதுதான் சவரிமுத்து முன்னால் வந்தார். அதே மெதுவான குரல். யார் மேலும் தப்பில்லை, ரெண்டு சர்க்காரும் மல்லுக்கட்டுகிற இடத்தில் நாம் என்ன செய்ய, ஜெபத்தை இங்கேயே சொல்லி முடித்துக்கொள்வோம், விடிந்ததும் சப்பரத்தை அவிழ்த்துக்கொள்ளலாம் என்றார். கூட்டத்தில் தலைகள் ஆடின. கேட்டுக்கு அந்தப் பக்கம் கிழக்குத் தெருவே மெழுகுவத்தியோடு நின்றது.

செலின் டீச்சர் கேட்டுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். அண்ணன் கீழே இறங்கியிருந்தார்.

"மொதல்ல ரயில் பாதையத் தாண்டாதுன்னீக. அப்பறம் கலெக்டர் சொல்லட்டும்னீக. அவுக சொன்னாக. இப்ப டெல்லியா? அடுத்து யாரு தலைவரே?" என்றார்.

அண்ணன் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். சட்டென்று மதினி பக்கம் திரும்பி, ஆளுங்க தோள்ல எதையாச்சும் தூக்கிக்கிட்டு நடந்து தாண்டலாமான்னு அந்தத் தம்பிகிட்டக் கேளு என்றார். மதினி கேட்டார். நடந்து போகிறவர்களுக்குத் தடை இல்லை, ஆனால் வண்டி வரப்போகிறது, போவதென்றால் இப்போதே போங்கள் என்றார் கேட்கீப்பர். கேட்டைத் தூக்கினார்.

"சாமிய எறக்குங்க" என்றார் அண்ணன்.

நாலு வகையறா ஆட்கள் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அண்ணன் ஒற்றை ஆளாகச் சப்பரத்தில் ஏறிச் சிலையின் கட்டுகளை அவிழ்த்தார். செபஸ்தியார் தேக்கு மரம், ஒரு ஆளால் ஆகாது. அண்ணன் கேட்டைத் தாண்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"கெழக்குத் தெரு ஆளுக வாங்க. வந்து பிடிங்க. டீச்சர், நீங்களுந்தான்."

அவர்கள் உடனே வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெழுகுவத்திகளைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு ஐந்தாறு ஆண்கள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அண்ணனிடம் வந்து, பெர்மிஷன்ல இது இல்லையே என்றார். இதுக்கு எந்த சர்க்கார்ட்டயும் கேக்க வேண்டியதில்ல சார், எங்க நாலு வகையறாட்டத்தான் கேக்கணும், நான் அதுல ஒருத்தன் என்றார் அண்ணன். பின்னால் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். யாரோ அண்ணன் பெயரைச் சொல்லி, நாளைக்குக் கூட்டத்துல பாத்துக்குவோம் என்றார்கள்.

சிலை இறங்கியது. ஒரு பக்கம் அண்ணன், மறு பக்கம் டீச்சர், சுற்றிலும் அவர் தெருக்காரர்கள். கேபினில் மணி அடிக்க ஆரம்பித்தது. நானும் மதினியும் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தோம். ஜல்லியில் ஒருவருக்குக் கால் சறுக்கியது, சிலை ஒரு பக்கம் சாய்ந்தது, என் உயிர் போய் வந்தது. கேட்கீப்பர் பச்சை விளக்கை ஆட்டி ஆட்டிச் சீக்கிரம், சீக்கிரம் என்றார். அது மலையாளமா தமிழா என்று தெரியவில்லை, ரெண்டிலும் ஒரே அவசரம். கடைசி ஆள் தாண்டியதும் கேட் இறங்கியது. சற்று நேரத்தில் ரயில் போனது. ஜன்னல்களில் ஆட்கள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள். சிலையை இறக்கி வைத்தார்கள். ஆளாளுக்கு வந்து செபஸ்தியாரின் காலைத் தொட்டுப் பார்த்தார்கள். டீச்சர் தள்ளி நின்று தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேல்தோல் சிராய்த்திருந்தது. நான் பக்கத்தில் போனதும் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இம்புட்டுக் கனமா இருப்பாகன்னு எங்களுக்கு யாருமே சொல்லலியே."